ஆறு வாரங்களுக்குப் பின் எஞ்சுவது

சிங்கப்பூரின் பள்ளி நாட்காட்டி கச்சிதமானது. ஏறத்தாழப் பத்துப் பத்து வாரங்களாக நான்கு தவணைகள். மார்ச்சிலும் செப்டம்பரிலும் ஒவ்வொரு வாரம், ஜூனில் 4 வாரம், ஆண்டிறுதியில் 6 வாரம் விடுமுறை. கூட்டிப் பார்த்தால் 12 வாரம், ஆண்டில் கால்பங்குக்குச் சற்றுக் குறைவு. சிறப்புக் கல்விப் பள்ளிகளும் பெரும்பாலும் இதே ஓட்டத்தில்தான் இயங்குகின்றன. தேர்வு எழுதிக் களைத்த பிள்ளை இளைப்பாறட்டும் என்ற கணக்குக்கு இந்த நாட்காட்டி நன்றாகவே பொருந்துகிறது. சட்டைப் பொத்தானைத் தானே மாட்டிக்கொள்ள இரண்டு தவணை எடுத்துக்கொள்ளும் பிள்ளைக்கும் அது பொருந்துகிறதா என்பது வேறு கேள்வி. நவம்பரில் தானே மாட்டிய பொத்தானை ஜனவரியிலும் மாட்டுமா, அல்லது மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டுமா? சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளின் கல்வியைப் பற்றிப் பேசுகிறவர்கள் சுற்றிச் சுற்றி இந்த இடத்துக்குத்தான் வந்து சேர்கிறார்கள்.

இந்தக் கேள்வி சிங்கப்பூரில் இப்போது கூடுதல் எடை பெற்றிருப்பதற்குக் காரணம் உண்டு. கட்டாயக் கல்விச் சட்டம் 2003இல் நடப்புக்கு வந்தபோது மிதமான, கடுமையான சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கு அதிலிருந்து விலக்கு இருந்தது. 2019இல் தொடக்கநிலை ஒன்றில் சேர்ந்தவர்கள் முதல் அந்த விலக்கு நீங்கியது. அதாவது, இந்தப் பிள்ளைகளுக்கும் பள்ளி கட்டாயம் என்று அரசாங்கம் ஒப்புக்கொண்டு சில ஆண்டுகளே ஆகின்றன. லிட்டில் இந்தியா எம்ஆர்டி நிலையத்திலிருந்து நடந்துபோகும் தொலைவில், புக்கிட் தீமா சாலையில் இருக்கும் கேகே மகளிர், சிறார் மருத்துவமனையின் குழந்தை வளர்ச்சிப் பிரிவில்தான் இத்தீவின் பல குடும்பங்கள் தங்கள் பிள்ளையின் குறைபாட்டுக்கு முதன்முதலாக ஒரு பெயரைக் கேட்கின்றன. அங்கிருந்து பாலர் பருவத்துக்கான ஆரம்பகால உதவித் திட்டம், பிறகு ஏழு வயதில் பள்ளி. சிறப்புத் தேவையுள்ள மாணவர்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் வழக்கமான பள்ளிகளில் படிக்கிறார்கள், மற்றவர்கள் சிறப்புக் கல்விப் பள்ளிகளில். எந்தப் பாதையில் போனாலும் அந்த 12 வாரங்கள் குறுக்கே வரும்.

விடுமுறையில் படிப்பு மறந்துபோகும் என்பது பொதுவாக எல்லாரும் நம்பும் செய்தி. அதற்கான சான்று மட்டும் அவ்வளவு எளிமையானதல்ல. 1996இல் ஹாரிஸ் கூப்பரும் உடன் பணியாற்றியவர்களும் 39 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, அமெரிக்கக் கோடை விடுமுறையில் மாணவர்கள் சராசரியாக ஒரு மாதப் படிப்பை இழக்கிறார்கள், வாசிப்பைவிடக் கணிதத்தில் இழப்பு கூடுதல் என்று சொன்னார்கள். பல பத்தாண்டுகளுக்கு இந்த ஒரு மாதக் கணக்கு வேதவாக்காக இருந்தது. பின்னர் பால் வான் ஹிப்பல் போன்ற ஆய்வாளர்கள் பழைய தேர்வுகளின் மதிப்பெண் முறையையே கேள்விக்குள்ளாக்கினார்கள். வேறு வகைத் தேர்வுகளைக் கொண்டு கணக்கிட்டால், ஏழை பணக்காரப் பிள்ளைகளுக்கு இடையிலான இடைவெளி கோடையில்தான் விரிகிறது என்ற புகழ்பெற்ற முடிவு அப்படியே நிற்பதில்லை என்று காட்டினார்கள். ஆலிசன் அட்டபெரியும் ஆண்ட்ரூ மக்கீச்சினும் 2021இல் வெளியிட்ட ஆய்வு இந்த விவாதத்தை வேறு திசைக்குத் திருப்பியது. சராசரி என்ற ஒன்றைப் பற்றிப் பேசுவதே இங்கு தவறு என்று அது காட்டியது. சில பிள்ளைகள் பள்ளி நாட்களின் வேகத்திலேயே விடுமுறையிலும் வளர்கிறார்கள், சிலர் ஆண்டு முழுவதும் சேர்த்ததை ஏறத்தாழ மொத்தமாக இழக்கிறார்கள். இழப்பு ஆண்டுதோறும் அதே பிள்ளைகள் மேலேயே விழுகிறது. ஐந்து கோடைகளைத் தொடர்ந்து கவனித்ததில் 52 விழுக்காட்டினர் ஐந்திலும் சறுக்கியிருந்தார்கள்.

யார் அந்த 'அதே பிள்ளைகள்'? சிறப்புக் கல்வித் துறை இந்தக் கேள்வியை ஆய்வாளர்களுக்கு முன்பே நீதிமன்றத்தில் சந்தித்துவிட்டது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலம் எந்தப் பிள்ளைக்கும் ஆண்டுக்கு 180 நாளுக்கு மேல் பள்ளி நடத்துவதில்லை என்று விதி வைத்திருந்தது. கடுமையான குறைபாடுள்ள பிள்ளைகளின் பெற்றோர் வழக்குத் தொடுத்தார்கள். 1979இல் 'ஆம்ஸ்ட்ராங் எதிர் க்ளைன்' வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கு இரண்டு கருத்துகளைத் துறையின் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. ஒன்று, பின்னடைவு: இடைவேளையில் எவ்வளவு கைவிட்டுப் போகிறது. மற்றொன்று, மீட்பு: பள்ளி திறந்தபின் இழந்ததைத் திரும்பப் பெற எவ்வளவு காலம் ஆகிறது. எல்லாப் பிள்ளைகளுமே மறக்கிறார்கள். சாதாரணப் பிள்ளை இரண்டு வாரத்தில் மீட்டுக்கொள்வதை, கடுமையான குறைபாடுள்ள பிள்ளை மீட்க மாதக் கணக்கில் ஆகலாம், அதற்குள் அடுத்த விடுமுறை வந்துவிடலாம் என்பதுதான் அந்தப் பெற்றோரின் வாதம். 1990இல் ஒக்லஹோமாவிலிருந்து வந்த இன்னொரு வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம், பின்னடைவை மட்டும் அளவுகோலாக்கக் கூடாது, குறைபாட்டின் தன்மை, வீட்டின் ஆற்றல், வெளியே கிடைக்கும் உதவி எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றது. வீட்டின் ஆற்றல் என்ற அந்த ஒரு சொற்றொடர்தான் இந்தக் கட்டுரைக்குத் திறவுகோல்.

எண்களும் அதே திசையைக் காட்டுகின்றன. ஆஞ்சலா ஜான்சன், எலிசபெத் பார்க்கர் இருவரும் என்.டபிள்யூ.ஈ.ஏ. மதிப்பீட்டு நிறுவனத்தின் தரவுகளைக் கொண்டு 2021இல் வெளியிட்ட ஆய்வில், சிறப்புக் கல்வி பெறும் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் பள்ளி நாட்களில் மற்ற பிள்ளைகளுக்குக் குறைவில்லாமல் முன்னேறுகிறார்கள் என்பது தெரிந்தது. இடைவெளியை விரிப்பது கோடை. இது சாதாரணச் செய்தியல்ல. 'இந்தப் பிள்ளை மெதுவாகத்தான் கற்கும்' என்று நாம் சொல்வதில் ஒரு பகுதி, 'இந்தப் பிள்ளை வேகமாகக் கைவிடுகிறது' என்று திருத்தி எழுதப்பட வேண்டியது. இன்னொரு ஆய்வு, சிறியது, ஆனால் சொல்லத் தக்கது: வாசிப்புச் சிரமமுள்ள 6 முதல் 9 வயதுப் பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்குக் கோடையில் ஆறு வாரத் தீவிரப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார் ஜோனா கிறிஸ்டோடூலுவும் குழுவினரும் (2017). பயிற்சி பெற்றவர்கள் பெரிதாக முன்னேறவில்லை, இருந்த இடத்தில் நின்றார்கள். பயிற்சி பெறாதவர்கள் சரிந்தார்கள். விடுமுறைப் பயிற்சிக்குப் பணம் கட்டிவிட்டு 'ஒன்றும் ஏறவில்லையே' என்று அலுத்துக்கொள்ளும் பெற்றோர் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. சரியாமல் இருந்ததே அங்கு கிடைத்த பலன்.

அமெரிக்கக் கோடை பத்து வாரத்துக்கும் மேல் நீளும், நமக்கு நான்கும் ஆறும்தானே, பாதிப்பும் பாதியாகத்தானே இருக்கும் என்று ஒருவர் கேட்கலாம். மறதி அப்படி நேர்கோட்டில் நடப்பதில்லை. ஹெர்மான் எபிங்ஹாஸ் 1885இலேயே வரைந்து காட்டிய வளைவில், மறதி முதல் நாட்களில் செங்குத்தாக இறங்கிப் பிறகு மெல்லத் தணிகிறது. அந்தக் கணக்கு தன் நினைவையே சோதித்துக்கொண்ட ஓர் ஆராய்ச்சியாளர் பொருளற்ற அசைகளைக் கொண்டு போட்டது. பல் துலக்குவதற்கும் பேருந்தில் ஏறுவதற்கும் அதை அப்படியே பொருத்த முடியாது. என்றாலும், விடுமுறையைப் பாதியாக்கினால் இழப்பும் பாதியாகும் என்று யாரும் உறுதி கூற முடியாது என்பதற்கு அது போதும். விடுமுறையைச் சிறு சிறு துண்டுகளாக்கி ஆண்டு முழுவதும் பரப்பிவிடலாமே என்ற யோசனையும் சோதிக்கப்பட்டதுதான். வடக்குக் கரோலினாவின் வேக் மாவட்டப் பள்ளிகளை ஆராய்ந்த ஸ்டீவன் மக்மல்லனும் கேத்ரின் ரௌஸும் 2012இல் வெளியிட்ட முடிவு, நாட்களை இடம் மாற்றி வைப்பதால் மட்டும் சராசரி மாணவரின் அடைவு உயர்வதில்லை என்பதே. சிங்கப்பூர் நாட்காட்டியும் ஏற்கெனவே பாதி பரப்பப்பட்டதுதான். ஆகவே நாட்காட்டியைத் திருத்தி இந்தச் சிக்கலைத் தீர்த்துவிடலாம் என்ற நம்பிக்கைக்கு நான் அதிக மதிப்பெண் போட மாட்டேன்.

'சிறப்புத் தேவை' என்ற ஒற்றைச் சொல்லும் நம்மைத் திசை திருப்புகிறது. பெருமூளை வாதம் உள்ள பிள்ளைக்கு விடுமுறையின் ஆபத்து நினைவில் இல்லை, தசையில். நீட்டிப் பயிற்சி செய்யாத தசை இறுகும், வளரும் எலும்புக்கு அது ஈடுகொடுக்காது. நிற்பதற்கான சட்டகமும் இயன்முறை மருத்துவரும் பள்ளியில் இருந்துவிட்டால் ஆறு வாரம் நீண்ட காலம். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குப் பாடம் மறப்பதைவிட ஒழுங்கு குலைவதுதான் பெரிது. எழும் நேரம், பேருந்து, வகுப்பறைச் சுவரில் இருக்கும் படவரிசை எல்லாம் ஒரே நாளில் மறைந்துபோகின்றன. போதாததற்கு, ஆண்டிறுதியில் விடுமுறையோடு வகுப்பும் பல நேரங்களில் ஆசிரியரும் மாறுகிறார்கள். வாசிப்புக் குறைபாடு உள்ள பிள்ளைக்கோ எழுத்தையும் ஒலியையும் இணைக்கும் பழக்கம் இன்னும் தானியங்கியாக ஆகியிருக்காது, அதனால்தான் அது முதலில் உதிர்கிறது. கவனக்குறைவும் மிகை இயக்கமும் உள்ள சிலருக்கு விடுமுறை நல்லதாகவே அமையக்கூடும், உட்கார்ந்தே இருக்கச் சொல்ல யாருமில்லையே. இவர்கள் எல்லாருக்கும் ஒரே விடை தேடுவது வீண்.

ஆனால் இத்தனை வேறுபாட்டுக்கும் அடியில் பொதுவான ஒன்று ஓடுகிறது. ட்ரெவர் ஸ்டோக்ஸும் டொனால்ட் பேரும் 1977இல் எழுதிய ஒரு கட்டுரை, ஓரிடத்தில் கற்ற திறன் வேறிடத்தில், வேறு ஆளிடம், வேறு பொருளோடு எப்படி வெளிப்படுகிறது என்பதை ஆராய்ந்தது. பெரும்பாலான கற்பித்தல் அதற்காக எதுவுமே செய்வதில்லை, சொல்லிக் கொடுத்துவிட்டு நல்லது நடக்கும் என்று காத்திருக்கிறது என்பது அவர்கள் கண்டது. சாதாரணப் பிள்ளையிடம் அந்த நம்பிக்கை பலிக்கும். வகுப்பில் கூட்டல் படித்தது கடையில் சில்லறை எண்ணும். அறிவுத்திறன் குறைபாடோ ஆட்டிசமோ உள்ள பிள்ளையிடம் அது பலிப்பதில்லை. வகுப்பில் பிளாஸ்டிக் நாணயங்களை வரிசையாக அடுக்கிய பிள்ளை, தேக்கா உணவங்காடியின் இரைச்சலில், ஈரத் தரையில், பின்னால் வரிசை நெருக்கும்போது இரண்டு வெள்ளித் தாளை நீட்டுமா? நீட்டாவிட்டால் விடுமுறையில் அது எதையும் மறக்கவில்லை. அந்தத் திறன் வகுப்பறையை விட்டு வெளியே வந்ததே இல்லை. விடுமுறை இழப்பு என்று நாம் அளப்பதில் பெரும்பங்கு, பள்ளியிலிருந்து வீட்டுக்குக் கைமாறாத கற்றலின் அளவு என்பதே என் வாதம்.

சோற்றை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் கரண்டியும் முள்கரண்டியும் பிடிக்கப் பல மாதம் பயிற்சி நடக்கிறது. தமிழ் வீட்டில் குழம்புச் சோற்றைக் கையால் பிசைந்து உண்கிறார்கள், அதிலும் விடுமுறைக்குப் பாட்டி வந்துவிட்டால் ஊட்டிவிடாமல் இருக்க மாட்டார். டிசம்பரில் திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ போய்விட்டால் ஊட்டுவதற்குப் பத்துக் கைகள். ஜனவரியில் கரண்டி தடுமாறுகிறது. பள்ளியின் குறிப்பேடு பின்னடைவு என்று எழுதிக்கொள்கிறது. அன்பு செய்த வேலை அது, குற்றம் சொல்ல வாய் வராது. பள்ளியும் ஒன்றை யோசித்திருக்கலாம்: அந்த வீட்டில் உண்ணும் முறை எது என்று கேட்டுக் கையால் பிசைந்து உண்பதையும் இலக்குகளில் ஒன்றாக வைத்திருந்தால், விடுமுறை முழுவதும் நாளைக்கு மூன்று முறை இலவசப் பயிற்சி நடந்திருக்கும். மொழியும் இப்படித்தான். பள்ளியில் ஆங்கிலப் பட அட்டைகள் வழியாகத் தண்ணீர் கேட்கக் கற்ற பிள்ளை, ஆங்கிலம் புழங்காத தாத்தாவிடம் ஆறு வாரம் இருக்கிறது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசுவோர் சிங்கப்பூர்வாசிகளில் 2.5 விழுக்காடு, 2010இல் அது 3.3. குறைபாடுள்ள பிள்ளைக்கு இரண்டு மொழி சுமை, ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்ற அறிவுரை இந்தக் குடும்பங்களின் காதில் அடிக்கடி விழுகிறது. டவுன் நோய்க்குறி உள்ள இருமொழிப் பிள்ளைகளை ஆராய்ந்த எலிசபெத் கே-ரெய்னிங் பேர்ட் குழுவினர் (2005), இரண்டாவது மொழியால் முதல் மொழி கெட்டுப்போவதற்குச் சான்று எதையும் காணவில்லை. அட்டையின் மறுபக்கத்தில் தமிழில் ஒரு சொல் இருந்தால் தாத்தாவும் ஆசிரியர் ஆகிவிடுகிறார்.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றுள் கனமானது, சுமை பற்றியது. வேலைக்கும் போய்க்கொண்டு, தூங்காத பிள்ளையோடு இரவுகளைக் கழிக்கும் தாயிடம் 'நீங்களே சிகிச்சையாளர் ஆகுங்கள்' என்பது கொடுமை. ஆசிரியர்களுக்கும் ஓய்வு வேண்டும். சிறப்புக் கல்வியில் மனம் சோர்ந்து விலகுகிறவர்களைப் பற்றிய கவலை எல்லா நாட்டிலும் இருக்கிறது. பிள்ளைக்கும் வெறுமனே பிள்ளையாக இருக்கச் சில வாரம் வேண்டும். மூன்றையும் ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் விடுமுறையை வகுப்பறையாக்கச் சொல்லவில்லை. பத்து இலக்கைக் கட்டுக் காகிதமாக அனுப்பும் பள்ளி எதையும் அனுப்பாத பள்ளியைவிட எவ்விதத்திலும் மேலல்ல. இரண்டு திறன், அவையும் வீட்டில் எப்படியும் நடக்கும் வேலைகளோடு ஒட்டியவை, போதும். அந்த இரண்டை விடுமுறைக்கு முந்திய இரண்டு வாரத்தில் வீட்டு ஆளோடு சேர்ந்து பழக்க வேண்டும். வீட்டு ஆள் என்பது பல வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் தாய் தந்தை அல்ல. மியன்மாரிலிருந்தோ இந்தோனீசியாவிலிருந்தோ வந்த இல்லப் பணிப்பெண்தான் பகல் முழுவதும் பிள்ளையோடு இருக்கிறார். பள்ளிக்கூடம் அழைக்கும் கூட்டத்துக்கு அவரையும் அழைத்தால்தான் அந்தக் கூட்டத்துக்குப் பொருள் உண்டு.

மற்றொரு மறுப்பு அளவீட்டைப் பற்றியது. ஜனவரி முதல் வாரத்தில் தெரிவது மறதிதானா, புதிய அறையும் புதிய முகமும் தந்த மிரட்சியா? நியாயமான ஐயம். விடைகாண வழியும் எளிது: நவம்பரில் ஒருமுறை, திறந்ததும் ஒருமுறை, மூன்றாம் வாரத்தில் ஒருமுறை என மூன்று தடவை அதே திறனைப் பார்க்க வேண்டும். மூன்றாம் வாரத்தில் திரும்பிவிட்டதென்றால் கவலை வேண்டாம். திரும்பாதவர்களே விடுமுறையிலும் தொடர்ந்து சேவை பெற வேண்டியவர்கள். அவர்கள் எண்ணிக்கை சிறிது, செலவும் அதற்கேற்பவே. அதே அளவீடு விடுமுறையில் சேர்ந்ததையும் குறித்துக்கொள்ள வேண்டும். தம்பியோடு சண்டையிட்டுச் சமாதானமானது, சிராங்கூன் சாலைக் கோயிலில் பிரசாத வரிசையில் பத்து நிமிடம் பொறுத்திருந்தது, இவை எந்தத் தேர்விலும் இடம்பெறுவதில்லை. இழப்பை மட்டும் எண்ணும் கணக்கு இழப்பைத்தான் காட்டும்.

கொவிட்-19 கிருமிப் பரவல் முறியடிப்புக் காலத்தில் சிங்கப்பூர், பள்ளிக் கற்றலை வீட்டோடு இணைப்பதைத் தன்னையறியாமல் சோதித்தும் பார்த்தது. 2020 ஏப்ரல் 8 முதல் பள்ளிகள் முழுநேர வீட்டுவழிக் கற்றலுக்கு மாறின, ஜூன் விடுமுறை மே 5க்கு முன்னகர்த்தப்பட்டது. ஜூன் 2இல் பள்ளி திறக்கும்வரை ஏறத்தாழ எட்டு வாரம், பாதி பாடமும் பாதி விடுமுறையுமாகப் பிள்ளைகள் வீட்டில் இருந்தார்கள். பள்ளியும் வீடும் ஒரே திரையில் சந்தித்தன. பிள்ளை கையில் என்ன இருக்கிறது, யார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், எந்த மொழியில் அதட்டுகிறார் என்பதை ஆசிரியர்கள் நேரில் பார்க்கும் வாய்ப்பு அது. திரை முன் உட்காரவே முடியாத பிள்ளைகளுக்கு அந்த வாரங்கள் பெரும் துன்பம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வீட்டைப் பார்த்துப் பாடத்தை அமைக்கும் பழக்கம் கதவுகள் திறந்தபின் தொடர்ந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அதிகமா?

விடுமுறை உதவி அறவே இல்லை என்று சொல்ல முடியாது. சிறப்புத் தேவையுள்ள 7 முதல் 18 வயதினருக்கான சிறப்பு மாணவர் பராமரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. 1991இல் தொடங்கிய டிஸ்லெக்சியா சங்கம் வாசிப்புக் குறைபாடுள்ளவர்களுக்கு வகுப்பு நடத்துகிறது. அதே ஆண்டில் பிறந்த, சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டா, ஃபேரர் பார்க் அருகே பீட்டி சாலையிலிருந்து இந்தியப் பிள்ளைகளுக்குத் துணைப்பாடம் நடத்துகிறது. பராமரிப்பு நிலையம் பிள்ளையைப் பாதுகாக்கிறது, துணைப்பாடம் பாடத்தைத் தொடர்கிறது. பள்ளியில் கற்ற அன்றாடத் திறனை வீட்டுக்கும் கடைக்கும் கொண்டுபோய் நிறுத்தும் வேலைக்குத்தான் ஆளில்லை. சமூக அமைப்புகள் இந்த இடைவெளியில் காலூன்றினால், இன்னொரு துணைப்பாட வகுப்பைவிட அது பயன்தரும் என்பது என் கணிப்பு. தேக்கா சந்தை வகுப்பறையாகக் கிடைக்கும்போது பிளாஸ்டிக் தக்காளி எதற்கு?

இந்த வாதத்தைச் சிங்கப்பூர் ஓரிடத்தில் ஏற்கெனவே ஏற்றுக்கொண்டிருக்கிறது என்பதுதான் வேடிக்கை. சிறப்புக் கல்விப் பள்ளி பெரும்பாலோருக்கு 18 வயதில் முடிகிறது. அதன்பின் வருவது திறப்பு நாள் இல்லாத விடுமுறை. அந்தப் பள்ளத்தை நிரப்ப 2014இல் முன்னோட்டமாகத் தொடங்கிய, பள்ளியிலிருந்து வேலைக்கு மாறும் திட்டத்தில், மாணவரை வகுப்பில் வைத்துத் தயார்ப்படுத்திவிட்டு வேலையில் ஒட்டிக்கொள்வார் என்று காத்திருப்பதில்லை. உண்மையான வேலையிடத்திலேயே, அங்குள்ள ஆட்களோடும் கருவிகளோடும் பயிற்சி நடக்கிறது. பதினேழு வயதுப் பிள்ளைக்குத் தட்டு கழுவும் வேலையை உணவகத்தில் வைத்தே கற்பிக்க வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. ஏழு வயதுப் பிள்ளைக்குச் சோறு உண்ணக் கற்பிக்கும்போது அதன் வீட்டுத் தட்டைக் கொண்டுவரச் சொல்ல இன்னும் தோன்றவில்லை.